“கேஸ் வேண்டாம்” என்று சொல்ல நினைப்பவருக்கு: புகார் கொடுத்தவருக்கான முழுமையான வழிகாட்டி

மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: “சார், கேஸ் கொடுத்தது நான்தானே? நானே வேண்டாம்னு சொன்னா விட மாட்டாங்களா?”

அண்மையில் என்னிடம் அப்படிக் கேட்டவர் பூ விற்கும் ஓர் அம்மா. கையில் நான்காக மடித்து மடித்து மடிப்பு கிழிந்துபோன எஃப்.ஐ.ஆர். நகல். கடை போடும் இடத்தில் தகராறு, பக்கத்துக் கடைக்காரர் தராசுத் தட்டால் அடித்துவிட்டார், நெற்றியில் நான்கு தையல். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கடைக்காரரின் மகள் கல்யாணத்துக்குப் பூ கட்டிக் கொடுத்ததே இந்த அம்மாதான். சண்டை என்றைக்கோ முடிந்துவிட்டது, வழக்கு மட்டும் நிற்கிறது. “நாங்களே பேசித் தீர்த்துக்கிட்டோம், இன்னும் எதுக்கு சார் வாய்தா?” என்றார்.

அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, பிறகு வழக்கை முடித்துக்கொள்ள நினைக்கும் பாதிக்கப்பட்டவருக்காக எழுதப்பட்டது இது. குற்றம் சாட்டப்பட்டவருக்கான யோசனைகள் இதில் இல்லை.

வழக்கு உங்கள் பெயரில் இல்லை

குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் எதிரியின் பெயர் இருக்கும்; குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் “எதிரி” என்றுதான் சொல்வார்கள். மறுபக்கம் உங்கள் பெயர் இருக்காது. அரசு சார்பாகக் காவல் ஆய்வாளர் இருப்பார். நீங்கள் அந்த வழக்கில் ஒரு சாட்சி, பெரும்பாலும் அரசுத் தரப்பு முதல் சாட்சி. சிவில் வழக்கில் வாதி “வேண்டாம்” என்றால் வழக்கு முடிந்துவிடும். குற்ற வழக்கில் அடி பட்டது உங்கள் நெற்றியாக இருந்தாலும் சட்டத்தை மீறியது ஊருக்கு எதிரான செயல் என்றுதான் கணக்கு. அதனால் அரசு வழக்கறிஞரிடம் போய், “விட்டுடுங்க” என்று சொன்னால் அவரால் நினைத்த மாத்திரத்தில் விட முடியாது.

ஆனால் உங்கள் விருப்பத்துக்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சில குற்றங்களில் உங்கள் கையெழுத்தே போதும். சிலவற்றில் நீதிபதியின் அனுமதி வேண்டும். சிலவற்றுக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டும். வேறு சிலவற்றில் நீங்கள் என்ன சொன்னாலும் வழக்கு நடக்கும். உங்கள் வழக்கு இந்த நான்கில் எது என்று தெரிந்துகொள்வதுதான் வேலையில் பாதி.

படி 1: இது யாருடைய விருப்பம்?

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். “கேஸ் வேண்டாம்” என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “உங்களை இங்கே யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள்?” என்பதுதான். எதிரியின் அண்ணன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து, வெளியே டீக்கடையில் காத்துக்கொண்டிருக்கிறான் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுவேன்.

எதிர்த்தரப்பு அவசரப்படுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: பாஸ்போர்ட், வெளிநாட்டு விசா, அரசு வேலைக்கான காவல்துறை சரிபார்ப்பு. அது அவர்களுடைய அவசரம். அதற்காக நீங்கள் இரவோடு இரவாக வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

மிரட்டல் இருந்தால் அதுவே தனிக் குற்றம். பொய் சாட்சி சொல்லும்படி ஒருவரை மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-ஆம் பிரிவில் வருகிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 195ஏ. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அதன்படி பாதுகாப்புக் கேட்டு மாவட்ட அளவில் மனு கொடுக்கலாம். பெண்கள் 181-ஐ அழைக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் தருவார்கள்.

கணவர் மீதான புகார் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். “இனிமே அடிக்க மாட்டேன்” என்ற ஒரு வார்த்தையை நம்பி மூன்றாம் நாளே வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே சில மாதம் சேர்ந்து வாழ்ந்து பாருங்கள். வழக்கு இருக்கிறது என்பதற்காக ஒன்றாக வாழக் கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. முடித்துவிட்ட வழக்கைத் திரும்ப எழுப்புவது மிகக் கஷ்டம்.

படி 2: எஃப்.ஐ.ஆரை எடுத்து, பிரிவுகளைப் படியுங்கள்

புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். தொலைந்திருந்தால், பெண்கள், குழந்தைகள் தொடர்பான வழக்குகள் போன்றவை தவிர மற்றவற்றைக் காவல்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம்.

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய ஐ.பி.சி. பிரிவுகள் இருக்கும். அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ். வழக்கை நடத்தும் முறைக்கான சட்டமும் அன்றிலிருந்து மாறி, பி.என்.எஸ்.எஸ். ஆகிவிட்டது.

இனி பிரிவுகளைத் தரம் பிரிக்க வேண்டும். இரு தரப்பும் இணங்கி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றத்தை நம் நீதிமன்றங்களில் “ராஜியாகக்கூடியது” என்பார்கள். அதற்கான பட்டியல் பி.என்.எஸ்.எஸ். 359-ஆம் பிரிவில் இரண்டு அட்டவணைகளாக இருக்கிறது. பழைய சட்டத்தில் இதுவே 320.

நீங்களே ராஜி செய்துகொள்ளக்கூடியவை: சாதாரணக் காயம், வழிமறித்தல், அத்துமீறி நுழைதல், திருட்டு, அவதூறு, குற்றமுறு மிரட்டல் போன்றவை.

நீதிபதி அனுமதித்தால் மட்டும் ராஜியாகக்கூடியவை: கொடுங்காயம், நம்பிக்கை மோசடி, பழைய 420 என்று எல்லோருக்கும் தெரிந்த ஏமாற்றுதல், பெண்ணை இழிவுபடுத்தும் சொல் அல்லது சைகை போன்றவை. கவனக்குறைவால் காயம் ஏற்படுத்திய சாலை விபத்தும் இதில் சேரும். கவனக்குறைவால் மரணம் என்றால் சேராது.

இந்த இரண்டு பட்டியலிலும் இல்லாதது எதுவும் கீழ்க் கோர்ட்டில் ராஜியாகாது. ஆயுதத்தால் காயம், கொலை முயற்சி, பெண்ணின் மானத்துக்கு ஊறு செய்யும் தாக்குதல், கணவர் வீட்டுக் கொடுமை எல்லாம் இப்படிப் பட்டியலுக்கு வெளியே நிற்பவை. கடைசியாகச் சொன்னது பழைய 498ஏ, இப்போது 85.

பூக்கார அம்மாவின் எஃப்.ஐ.ஆரை விரித்துப் பார்த்தேன். 296(பி), 115(2), 118(1), 351(3), அதோடு தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் பிரிவு 4. நம்மூர் அடிதடி எஃப்.ஐ.ஆர்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வரிசைதான் இது. கெட்ட வார்த்தை பேசினார், அடித்தார், ஆயுதத்தால் அடித்தார், கொன்றுவிடுவேன் என்றார், பாதிக்கப்பட்டவர் பெண். இதில் 115(2) ராஜியாகும். ஆனால் தராசுத் தட்டை ஆயுதமாக எடுத்துக்கொண்டதால் வந்த 118(1) ராஜியாகாது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதற்கான 296(பி)-யும் ஆகாது. வன்கொடுமைத் தடைச் சட்டப் பிரிவும் அப்படியே. பத்துப் பிரிவில் ஒன்பது ராஜியாகி ஒன்று ஆகவில்லை என்றாலும், அந்த ஒன்றுக்காக வழக்கு நிற்கும்.

இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. “சின்னச் சண்டைதானே” என்று நாம் நினைப்பதும் எஃப்.ஐ.ஆரில் ஏறியிருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை.

படி 3: வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

மனு ரசீது மட்டும் கொடுத்திருக்கிறார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் வேலை எளிது. “எதிர்மனுதாரருடன் பேசி முடித்துக்கொண்டோம், மேல் நடவடிக்கை தேவையில்லை” என்று உங்கள் கையால் எழுதிக் கொடுக்கலாம். ஒரு நகலில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது, குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை என்றால், ஆய்வாளரால் அதைக் கிழித்துப் போட முடியாது. அது ஏற்கெனவே மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்கும். நீங்கள் கொடுக்கும் கடிதம் கோப்பில் சேரும், அவ்வளவுதான். விசாரணையில் ஒரு குறிப்பிட்ட பிரிவுக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தால் அதிகாரி அந்தப் பிரிவை நீக்கலாம். ஆனால் அதை ஆதாரம்தான் தீர்மானிக்க வேண்டும், உங்கள் வேண்டுகோள் அல்ல. வழக்கை மேல் நடவடிக்கை இல்லாமல் முடித்தால் உங்களுக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெரும்பாலும் “புகார் பொருண்மைப் பிழை”, அதாவது புகாரில் சொன்ன விவரமே தவறு என்று எழுதியிருப்பார்கள்; உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லும் இடம் அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிலையத்துக்குள் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்துகொண்டு தொகை பேசி, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் சமரசம் இல்லை, கட்டப்பஞ்சாயத்து. அந்தத் தாள் நீதிமன்றத்தில் எதற்கும் உதவாது.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு எண் விழுந்துவிட்டால், காவல் நிலையத்தில் செய்ய ஒன்றும் இல்லை. இனி எல்லாமே நீதிமன்றத்தில்தான்.

படி 4: அரசு வழக்கறிஞரைப் பாருங்கள்

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அரசுக்காக நடத்துபவர் ஏ.பி.பி. எனப்படும் அரசு உதவி வழக்கறிஞர். செஷன்ஸ் நீதிமன்றத்தில் பி.பி. அவரைப் பார்ப்பதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம். காலையில் கோர்ட் உட்காருவதற்கு அரைமணி முன்னால் போங்கள். வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி, எஃப்.ஐ.ஆர். நகல், ஆதார் நகல் கையில் இருக்கட்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு சேர்ந்து போகாமல் தனியாகப் போவது நல்லது. உங்கள் சொந்த விருப்பம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

எழுத்தில் கொடுக்க விரும்பினால் நான்கு விஷயம் போதும்: நீங்கள் யார், எந்த வழக்கு, இப்போது ஏன் தொடர விரும்பவில்லை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை. உதாரணமாக:

“மேற்படி வழக்கில் நான் புகார்தாரர். நானும் எதிரியும் பக்கத்துப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள். சம்பவத்துக்குப் பின் எங்களுக்குள் இருந்த மனவருத்தம் தீர்ந்துவிட்டது. என் மருத்துவச் செலவை எதிரி கொடுத்துவிட்டார். யாருடைய மிரட்டலோ தூண்டுதலோ இல்லாமல், வழக்கை ராஜி செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன்.”

கவனியுங்கள், இதில் “சம்பவம் நடக்கவே இல்லை” என்ற வரி இல்லை. அந்த வரியை எழுதச் சொல்லி உங்களைக் கேட்பார்கள். எழுதாதீர்கள். நடந்தது நடந்ததுதான், அதை மன்னிக்கிறேன் என்று சொல்வது வேறு. நடக்கவே இல்லை என்று சொல்வது வேறு. இரண்டாவதைச் சொன்னால் பொய்ப் புகார் கொடுத்ததாக உங்கள் மீதே வழக்குத் திரும்பலாம்.

பி.என்.எஸ்.எஸ். 360-இன்படி அரசு வழக்கறிஞரே வழக்கைத் திரும்பப் பெறவும் வழி உண்டு, ஆனால் நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். நடைமுறையில் இது தனிநபர் சண்டைகளுக்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை. அரசு முடிவெடுக்கும் வழக்குகளுக்குத்தான். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறப்போவதாக 2021-இல் அரசு அறிவித்தது நினைவிருக்கும். இதில் உங்களுக்கு உதவும் ஒரு புதிய விஷயம் இருக்கிறது: பாதிக்கப்பட்டவருக்குப் பேச வாய்ப்புக் கொடுக்காமல் அப்படித் திரும்பப் பெற நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது. அதாவது உங்களுக்குத் தெரியாமலே வழக்கைக் கைவிடப் பார்த்தால், தடுத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

படி 5: ராஜியாகும் வழக்கு என்றால்

எல்லாப் பிரிவும் பட்டியலுக்குள் இருந்தால் இது ஒரு நாள் வேலை. இரு தரப்பும் கையெழுத்திட்ட ராஜி மனுவை வாய்தா தேதியில் தாக்கல் செய்வார்கள். நீதிபதி உங்களைக் கூப்பிட்டு, “நீங்களாகத்தான் வந்தீர்களா? பணம் ஏதும் பாக்கி இருக்கிறதா?” என்று கேட்பார். மனத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். தயக்கம் இருந்தால் அதையும் அந்த நிமிடமே சொல்லுங்கள், தப்பே இல்லை.

ராஜி பதிவானால் எதிரி விடுதலை ஆனதாக அர்த்தம். பிறகு மனம் மாறித் திரும்ப வர முடியாது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், காப்பாளர் நீதிமன்ற அனுமதியோடு ராஜி செய்யலாம். மேல்முறையீட்டில் இருக்கும் வழக்குக்கும் மேல் நீதிமன்றம் அனுமதித்தால் வழி உண்டு. மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் இத்தகைய வழக்குகளைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்கள். சட்டப்பணிகள் அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள்.

செக் பவுன்ஸ் வழக்கைப் பற்றியும் கேட்பார்கள். அது போலீஸ் வழக்கே இல்லை, நீங்களே போட்ட தனிப் புகார். எந்தக் கட்டத்திலும் ராஜியாகும்.

படி 6: ராஜியாகாத வழக்கு என்றால்

பூக்கார அம்மாவுக்கு மிஞ்சியிருந்த வழி இதுதான்: பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்பது. பழைய ஆட்கள் 482 மனு என்பார்கள், வழக்கறிஞர்கள் கிரிமினல் ஓ.பி. என்பார்கள். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி போன்ற தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை, மற்றவர்களுக்குச் சென்னை.

மனுவைப் போடுவது எதிரி, செலவும் அவருடையது. நீங்கள் எதிர்மனுதாரர், உங்கள் பங்கு ஒரு பிரமாணப் பத்திரமும் கூட்டு சமரச மனுவில் ஒரு கையெழுத்தும். விசாரணை நாளில் பொதுவாக இரு தரப்பும் நேரில் வரச் சொல்வார்கள். சம்பந்தப்பட்ட நிலையத்தின் எஸ்.ஐ. ஒருவரும் வந்திருப்பார், “இவர்தான் புகார்தாரர்” என்று அடையாளம் காட்ட. ஆதார் அசலை மறக்காதீர்கள். நீதிபதி உங்களிடம் தமிழிலேயே இரண்டு மூன்று கேள்வி கேட்பார். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் விடிகாலை பஸ் ஏறி வந்திருப்பீர்கள். வழக்கறிஞர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள்.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்? கியான் சிங் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டுக் காட்டியது. குடும்பம், வியாபாரம், பணம் என இருவருக்குள் அடங்கும் தகராறு என்றால், ராஜியாகாத பிரிவாக இருந்தாலும் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போல ஊரையே பாதிக்கும் குற்றம் என்றால் கூடாது. கொலை முயற்சி வழக்குகளில் பிரிவின் எண்ணை மட்டும் பார்க்காமல், காயம் எங்கே பட்டது, ஆயுதம் என்ன என்றும் பார்க்க வேண்டும் என்று நரிந்தர் சிங் வழக்கில் 2014-இல் சொன்னது. சீக்கிரமே வந்தால் இடம் கொடுப்பார்கள். சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து தீர்ப்பு நெருங்கும்போது வந்தால் தயங்குவார்கள்.

கோஷ்டிச் சண்டையில் வழக்கும் எதிர்வழக்கும் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள். உங்கள் வழக்கை மட்டும் முடித்துக்கொடுத்துவிட்டு, உங்கள் மகன் மீதான எதிர்வழக்கில் வாய்தாவுக்கு அலையும் நிலை வரக் கூடாது.

நீங்கள் கேட்டாலும் நடக்காதவை

பாலியல் வன்கொடுமையில் சமரசத்துக்கே இடமில்லை. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக ஜாமீன் கொடுக்கப்பட்டது. நாடே கொதித்தது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இத்தகைய சமரசத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அதன்பின் அந்த ஜாமீன் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் பெற்றோர் எழுதிக் கொடுத்தாலும் போதாது. ஆசிரியர் ஒருவர் மீதான ராஜஸ்தான் வழக்கில், பெற்றோர் சமரசம் செய்துகொண்டதால் ரத்தான எஃப்.ஐ.ஆரை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் திரும்ப உயிர்ப்பித்தது. குழந்தைக்கு நேர்ந்ததைப் பெரியவர்கள் விலை பேசி முடிக்க முடியாது. அப்படி முடிக்கவும் கூடாது, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. யாராவது உங்களை அப்படி நெருக்கினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள்.

பணம் வாங்கினால்

மருத்துவச் செலவோ நஷ்டஈடோ வாங்குவது குற்றம் இல்லை. மறைத்து வாங்குவதுதான் பிரச்சினை. தொகையை சமரச மனுவிலேயே எழுதுங்கள். வங்கி வரைவோலையாக, நீதிபதி முன்னால் வாங்குங்கள். “முதல்ல கையெழுத்துப் போடுங்க, சாயங்காலம் வீட்டுக்கு வந்து தர்றோம்” என்ற பேச்சை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. விவாகரத்தோடு சேர்ந்த தீர்வு என்றால் எந்தத் தவணை எப்போது, நகை எப்போது, ரத்து மனு எப்போது என்று வரிசை போட்டு எழுதுங்கள். கடைசித் தவணை கைக்கு வருவதும் ரத்து மனுவில் நீங்கள் சம்மதம் சொல்வதும் ஒரே நாளாக இருக்கட்டும்.

கூண்டில் ஏறிப் புரட்டிச் சொல்லாதீர்கள்

“ராஜி எல்லாம் எதுக்கு, கூண்டுல ஏறி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க” என்று குறுக்குவழி சொல்வார்கள். இதைப் பிறழ் சாட்சி என்பார்கள். அன்றாடம் நடக்கிறது என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. மாஜிஸ்திரேட்டிடம் ரகசிய வாக்குமூலம் கொடுத்துவிட்டு அதற்கு நேர்மாறாகச் சத்தியத்தின் மேல் பேசினால், பொய் சாட்சிக்காக நடவடிக்கை வரலாம். குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் வாக்குமூலத்தை மாற்றி மாற்றிச் சொன்ன முக்கிய சாட்சிக்கு 2006-இல் உச்ச நீதிமன்றம் ஓராண்டு சிறைத்தண்டனை கொடுத்தது.

மனு தள்ளுபடியாகி வழக்கு நடந்தே தீரும் என்றாலும் உங்களுக்கு வழி இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதோடு, “இப்போது எங்களுக்குள் பகை இல்லை” என்பதையும் சொல்லுங்கள். தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது நீதிபதி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் சான்றிட்ட நகலை உடனே விண்ணப்பித்து வாங்குங்கள். உயர் நீதிமன்ற உத்தரவு என்றால் அதன் நகல் கீழ்க் கோர்ட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை நேரில் பாருங்கள். பூக்கார அம்மாவின் வழக்கு ரத்தாகி ஒரு மாதத்துக்குப் பிறகு, சாட்சி சொல்ல வரும்படி அவருக்கு ஒரு சம்மன் வந்தது. உத்தரவு நகலைப் பூக்கூடையின் அடியில் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டியதும், சம்மன் கொண்டுவந்த காவலர் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.